பிளாங்க்டன்: மிதப்பதா, அலைவதா?

மெல்லிய துணியைக் கூம்புபோலத் தைத்த வலை ஒன்று. அதன் கண் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். வால்நுனியில் ஒரு குப்பி. படகுக்குப் பின்னால் சில நிமிடம் இழுத்துவிட்டுக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் முதலில் வெறும் கலங்கல்தான் தெரியும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அந்தக் கலங்கல் துடிக்கும். குருணையைவிடச் சிறியது ஒன்று விசுக்கென்று தாவும். கண்ணாடி போன்ற இன்னொன்று சுருங்கிச் சுருங்கி விரியும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து வழங்கும் பெயர் பிளாங்க்டன். தமிழில் பெரும்பாலும் ‘மிதவை உயிரி’ என்று எழுதுகிறோம். அந்தச் சொல் போதுமா என்ற உறுத்தல் எனக்கு வெகுநாளாக உண்டு. போதாது என்பதே என் முடிவு. காரணம், பிளாங்க்டன் என்ற சொல் பிறந்த கதையிலேயே இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் யோகான்னஸ் முல்லர் என்ற ஜெர்மானிய உயிரியலாளர் மெல்லிய வலையால் கடலை அரித்து இந்த உயிர்களைத் திரட்டினார். அவரும் அவர் வழிவந்தவர்களும் அந்தத் திரட்டை ‘அவுஃப்ட்ரீப்’ என்றார்கள். நீர் ஒரு பொருளை மேலே தூக்கிப் பிடிக்கும் விசைக்கும் ஜெர்மன் மொழியில் அதுதான் பெயர். நம் ‘மிதப்பு’க்கு மிகவும் நெருங்கிய சொல். கீல் நகரில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த விக்டர் ஹென்சன் அதை விட்டுவிட்டு, 1887இல் பிளாங்க்டன் என்ற புதுச் சொல்லைக் கொண்டுவந்தார். மேலே இருந்தாலும் ஆழத்தில் இருந்தாலும், உயிரோடு இருந்தாலும் செத்துப் போயிருந்தாலும், நீரோடு அடித்துச் செல்லப்படுவதெல்லாம் பிளாங்க்டன்தான் என்று அவர் வரையறுத்தார். செத்ததைப் பின்வந்தோர் கழித்துவிட்டார்கள். மேலா ஆழமா என்பது பொருட்டில்லை என்ற பகுதி மட்டும் இன்றுவரை மாறவில்லை.

ஆக, மிதப்பைச் சொல்லும் பெயரை அறிவியல் கைவிட்டு 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தமிழில் பெயர் வைத்தபோது நாமோ, அறிவியல் கைவிட்ட அந்தப் பெயரின் பொருளுக்கே திரும்பிப் போய்விட்டோம்.

ஹென்சன் எடுத்துக்கொண்ட கிரேக்கச் சொல் ‘பிளாங்க்டோஸ்’. ‘பிளாட்ஸெயின்’ என்ற வினையிலிருந்து வந்தது. அந்த வினைக்கு அடித்தல், அடித்து வழிதவறச் செய்தல் என்று பொருள். காற்றும் அலையும் அடித்துத் திசை தவறிப்போன மாலுமியின் நிலைதான் பிளாங்க்டோஸ். ‘பிளானட்’ என்ற சொல்லுக்கும் கிரேக்கத்தில் ‘திரிவது’ என்று பொருள் இருப்பதால் இரண்டும் ஒரே வேர் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பொருள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் வினைகள் வேறு. கோள் தானாகத் திரிவது. பிளாங்க்டன் அடிபட்டுத் திரிவது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் தமிழ்ச்சொல் தானாக வந்து நிற்கும்.

அந்தச் சொல் அலை. கடல் நீரின் எழுச்சிக்கு அது பெயர்ச்சொல். தன்வினையாக ‘அலைதல்’ என்றால் ஓரிடத்தில் நிலைக்காமல் திரிவது. அலைச்சல் அதிலிருந்து வந்தது. பிறவினையாக ‘அலைத்தல்’ என்றால் அசைத்தல், அடித்தல், வருத்துதல். வயிற்றில் அடித்துக்கொண்டு அழுவதை ‘வயிறலைத்து அழுதல்’ என்பது பழைய வழக்கு. ‘அலைக்கழித்தல்’ இன்றும் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. கிரேக்க வினையில் இருக்கும் அடித்தல், திசை தவறச் செய்தல், திரிதல் ஆகிய மூன்றும் நம் ஒரே சொல்லில் இருக்கின்றன. போதாததற்கு அடிப்பது எதுவோ அதன் பெயரும் அதுவே. ‘அலையுயிரி’ என்று நான் எழுதுவது இதனால்தான். அலைமேல் வாழும் உயிர் என்று யாராவது தவறாகக் கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் ‘அலைகிற உயிர்’ என்று ஒருமுறை விளக்கிவிட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். மிதவை உயிரியில் இருக்கும் பிழையோ விளக்கினாலும் போகாது.

குப்பிக்குள் விசுக்கென்று தாவியதே அதற்குச் சாட்சி. கோப்பிபாட் என்று அதற்குப் பெயர். ‘கோப்பே’ துடுப்பு, ‘போடோஸ்’ கால், அப்படியே துடுப்புக்காலி. பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம். பல இனங்களுக்கு நெற்றி நடுவே சிவப்பாக ஒற்றைக் கண். எதிரி நெருங்கினால் ஒரே உதையில் தன் உடல்நீளத்தைப் போலப் பல மடங்கு தூரம் தாண்டிவிடும். இதைப் போய் மிதக்கிறது என்று எப்படிச் சொல்வது? பல இனங்கள் பொழுது சாய்ந்ததும் மேலேறி மேய்ந்துவிட்டு, விடிவதற்குள் சில நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிகளைத் தேடிய ஒலிக்கருவிகளில் கடலடித்தளம் போல ஏதோ ஒன்று தெரிந்தது. அது பகலில் தாழ்ந்து இரவில் உயர்ந்தது. கூட்டம் கூட்டமாக ஏறி இறங்கிய சிறு உயிர்களே அந்தப் பொய்த்தளம் என்று பிறகுதான் தெரியவந்தது. இவ்வளவு நீந்தியும் துடுப்புக்காலி ஏன் அலையுயிரி? நீரோட்டம் கிழக்கே போனால் அதுவும் கிழக்கேதான் போகவேண்டும். மேலும் கீழும் போகும் உரிமை உண்டு; ஓட்டத்தை எதிர்க்கும் வலு இல்லை.

அளவும் பொருட்டில்லை. குடை 2 மீட்டர் அகலம் விரியும் ஜெல்லிமீனும் பிளாங்க்டன்தான். ‘நுண்ணுயிர்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நண்டும் சிப்பியும் பல மீன்களும் குஞ்சுப் பருவத்தில் மட்டும் அலையுயிரிகளாக இருந்துவிட்டுப் பிறகு தளத்தில் ஒட்டவோ நீந்தவோ போய்விடுகின்றன. பிளாங்க்டன் என்பது இனத்தின் பெயரன்று, வாழ்முறையின் பெயர்.

‘மிதவை உயிரி’யைத் தூக்கி எறியவேண்டியதில்லை. அதற்குச் சரியான சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பைசேலியா போல, காற்று நிரம்பிய பையோடு நீர்ப்பரப்பிலேயே வாழும் உயிர்களை ‘புளூஸ்டன்’ என்கிறார்கள். அவை உண்மையிலேயே மிதவைகள். ஓட்டத்தை எதிர்த்து நீந்தும் ‘நெக்டன்’ நீந்துயிரி. கடலடியில் வாழும் ‘பெந்தோஸ்’ அடித்தள உயிரி. இவற்றில் சிக்கல் இல்லை.

சிக்கல் ‘ஃபைட்டோபிளாங்க்டன்’ என்ற கூட்டுச்சொல்லில் வருகிறது. ஒளிச்சேர்க்கை செய்யும் பிளாங்க்டனுக்கு அது பெயர். ‘ஃபைட்டான்’ என்றால் தாவரம். அதனால் ‘தாவர மிதவை உயிரி’ என்று எழுதுகிறோம். ஆனால் அவற்றில் மிகுதியாக இருக்கும் புரோகுளோரோகாக்கஸ் தாவரமே அன்று, பாக்டீரியா. குறுக்களவு ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. வெப்பக்கடலின் ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு லட்சம் வரை இருக்கும். இத்தனை இருந்தும் 1980களின் பிற்பாதியில்தான் அமெரிக்கக் கடலுயிரியலாளர் சாலி சிஸ்ஹோமும் அவருடைய குழுவினரும் அதைக் கண்டுபிடித்தார்கள். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி கடலில் அலையும் இப்படிப்பட்ட உயிர்களால் நடக்கிறது. ‘பசும் அலையுயிரி’ என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பசுமைதான் இவற்றுக்குப் பொது. 2024 பிப்ரவரியில் நாசா ஏவிய பேஸ் செயற்கைக்கோளும் கடல்நிறத்தின் நுண்ணிய வேறுபாட்டை வைத்தே இவற்றின் வகைகளைப் பிரித்தறிகிறது.

அதே 2024இல் இந்தக் குடும்பத்திலிருந்து இன்னொரு புதுச்சொல் வந்தது: நைட்ரோபிளாஸ்ட். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தாலும் அதைப் பிடித்து உணவுக்கு ஏற்றபடி மாற்றும் திறன் பாக்டீரியா போன்ற எளிய உயிர்களுக்கு மட்டுமே உண்டு என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். 1998இல் ஜோனதன் ஜெர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பசிபிக் கடல்நீரில், நைட்ரஜனைப் பிடிக்கும் அடையாளம் தெரியாத ஒரு பாக்டீரியாவின் மரபணுத் துணுக்கைக் கண்டார். ஜப்பானில் கியோகோ ஹகினோ என்ற ஆய்வாளர், அது குடியிருந்த பாசியை ஆய்வகத்தில் வளர்க்கப் பல ஆண்டுகள் பாடுபட்டார். இரண்டு உழைப்பும் ஒன்றுசேர்ந்தபோது, அது குடியிருக்கும் பாக்டீரியா அன்று, பாசியின் செல்லுக்குள் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது என்று தெரிந்தது. அந்த உறுப்புக்கு வைத்த பெயர்தான் நைட்ரோபிளாஸ்ட். செல் பிரியும்போது கூடவே பிரிகிறது. தனக்கு வேண்டிய புரதங்களில் பலவற்றைப் பாசியிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. ‘பிளாஸ்டோஸ்’ என்றால் கிரேக்கத்தில் உருவாக்கப்பட்டது; பிளாஸ்டிக்கும் இந்த வேர்தான். குளோரோபிளாஸ்டுக்குப் பசுங்கணிகம் என்று நம்மிடம் அழகான சொல் இருக்கிறது. நைட்ரஜனை உழவர்கள் தழைச்சத்து என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துத் ‘தழைச்சத்துக் கணிகம்’ என்றால் உழவருக்கும் மாணவருக்கும் ஒருசேரப் புரியும்.

கடைசியாக, அலையுயிரிகளோடு உறவுள்ள ஒரு பழைய சொல். ‘பெட்ரோலியம்’ என்பதில் ‘பெட்ரா’ பாறை, ‘ஓலியம்’ எண்ணெய். அதை அப்படியே பெயர்த்துக் ‘கல்நெய்’ என்றோம். அந்த நெய்யில் பெரும்பகுதி, பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த அலையுயிரிகளின் கொழுப்பு, மண்ணின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் மாறியது. கல் அதற்கு இருப்பிடம் மட்டுமே. இன்று அதே கொழுப்பை உயிருள்ள பாசியிலிருந்து நேரடியாக எடுத்துத் தூய எரிபொருளாக்கப் பார்க்கிறார்கள். கல்நெய்யோடு விலையில் போட்டியிட இன்னும் முடியவில்லை. அந்தப் பாசி எரிபொருளைப் பற்றி எழுதுபவர்கள் ‘உயிரி எரிபொருள்’ என்ற பொதுப்பெயரோடு நின்றுவிடுகிறார்கள். மரக்கட்டைக்கும் சாண எரிவாயுவுக்கும் கூடப் பொருந்தும் பெயர் அது. ‘பாசிநெய்’ என்று எழுதலாம்.