நீரும் நெருப்பும் வகுத்த கட்டடம்

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், செயின்ட் ஆஸ்டெல் நகருக்கு வடக்கே, வீல் மார்ட்டின் என்ற பழைய வெண்களிமண் ஆலை இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. 1820களில் தொடங்கிய அந்த ஆலையின் அமைப்பைப் புரிந்துகொள்ள, அது சரிவான நிலத்தில் கட்டப்பட்டது ஏன் என்று கேட்டாலே போதும்.

கருங்கல்லில் உள்ள பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் சிதைந்தால் வெண்களிமண் உண்டாகும். அதைக் குழியில் தண்ணீர் பாய்ச்சிக் கரைத்து, கிடைத்த வெண்ணிறக் குழம்பைப் பம்புகளால் மேலே ஏற்றினார்கள். 35 அடி விட்டமுள்ள நீர்ச்சக்கரம் ஒன்று அந்தப் பம்புகளை இயக்கியது. ஒருமுறை மேலே ஏறிய பிறகு குழம்பைக் கீழ்நோக்கி நடத்தியது ஈர்ப்பு விசைதான்.

பருமணல் முதலிலேயே படிந்துவிடும். நாம் காக்காப்பொன் என்று சொல்லும் மைக்காவின் மெல்லிய செதில்களைப் பிரிப்பதுதான் கடினம். அதற்காக ஆழம் குறைந்த நீண்ட வாய்க்கால்களைப் பக்கம் பக்கமாக அமைத்து, ஒரே ஓட்டத்தைப் பலவாகப் பிரித்தார்கள். அகலம் கூடும்போது வேகம் குறைகிறது. மைக்கா அடியில் தங்க, அதைவிட நுண்ணிய களிமண் துகள்கள் மிதந்தபடியே கடந்துபோகின்றன.

அடுத்து வருபவை கல் பாவிய தெளிவுத் தொட்டிகள். அவற்றின் சுவரில் மேலிருந்து கீழாகத் துளைகளும், அவற்றை அடைக்கும் மர முளைகளும் உண்டு. களிமண் படியப் படிய, மேலுள்ள முளையை முதலில் பிடுங்கித் தெளிந்த நீரை மட்டும் வடியவிட்டார்கள். கெட்டித் தயிர் பதத்துக்கு வரும்வரை களிமண் வாரக்கணக்கில் தொட்டிகளில் கிடந்தது.

என் பார்வையில் இந்த ஆலையின் உயிர்நாடி உலர்த்துகூடம்தான். நீண்ட அந்தக் கட்டடத்தின் ஒரு முனையில் நிலக்கரி அடுப்பும் மறுமுனையில் உயரமான புகைபோக்கியும் இருக்கும். புகைபோக்கி இழுக்கும் இழுப்பில், சூடான புகை தரைக்கு அடியிலுள்ள சுரங்க வழிகளில் முழு நீளமும் ஊர்ந்து செல்லும். தரையில் பதித்தவை நுண்துளை ஓடுகள் என்பதால், மேலே பரப்பிய களிமண்ணின் ஈரம் ஆவியாக எழுவதோடு, ஒரு பகுதி ஓடுகளின் வழியே கீழும் இறங்கியது. அடுப்பருகே சூடு அதிகம் என்பதால் அங்கே தடித்த படலமாகவும், தொலைவில் மெல்லியதாகவும் களிமண்ணைப் பரப்பினார்கள். அப்படியும் முன்முனையில் ஒரு நாளில் காய்ந்தது பின்முனையில் காயப் பல நாள் பிடித்தது.

கூடத்தை ஒட்டி, அதைவிடத் தாழ்வான மட்டத்தில் கிடங்கு இருந்தது. காய்ந்த கட்டிகளைத் தொழிலாளர்கள் மண்வாரியால் அள்ளி நேராக அதற்குள் வீச, வண்டிகள் கீழ்ப்பக்கத்திலிருந்து வந்து ஏற்றிச் சென்றன.