ஒரே பூச்சு வண்ணங்கள்: மினியேச்சர்களுக்கு எங்கே உதவும், எங்கே உதவாது

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுகளுக்கான மினியேச்சர் உருவங்களுக்குக் கூலிக்கு வண்ணம் தீட்டித் தருபவர்களிடம் இப்போது அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு: "ஒரே பூச்சில் முடிகிற பெயிண்ட்தான் வந்துவிட்டதே, பிறகு ஏன் இத்தனை நாள் கேட்கிறீர்கள்?" கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. விளம்பரமும் கடைக்காரரும் சுருக்கமான காணொளிகளும் அவருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கின்றன. இந்த வண்ணங்களை நானும் அன்றாடம் பயன்படுத்துகிறேன். இவை இல்லையென்றால் பெரிய படைகளுக்கான சில பணிகளை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஆனால் நேரம் எந்த வேலையில் மிச்சமாகிறது, எந்த வேலையை இந்த வண்ணம் தொடுவதே இல்லை என்பதை அறியாமல் ஒரு பெட்டி நிறைய வாங்கிவந்து, நல்ல உருவங்களைத் திட்டுத் திட்டாக ஆக்கிக்கொண்டவர்கள் ஏராளம். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நாட்டிங்காமைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிட்டாடல் காண்ட்ராஸ்ட் வரிசையை வெளியிட்டது. அதற்கு முன்பு வழக்கமாக இருந்த முறையில் ஓர் அங்கிக்கு மட்டுமே மூன்று நான்கு கட்டங்கள் உண்டு: மறைக்கும் தன்மையுள்ள அடிநிறம், பள்ளங்களில் இறங்கும் நீர்த்த வாஷ், மீண்டும் மேடுகளில் அதே நிறம், விளிம்புகளில் இன்னும் வெளிறிய ஒரு கோடு. அவசரக்காரர்கள் மரச்சாமான்களுக்குப் பூசும் நிறமேற்றிய வார்னிஷில் உருவத்தை முக்கியெடுத்து உதறும் வழக்கமும் வெகுகாலம் இருந்தது. இந்தக் கட்டங்களைச் சுருக்குவதுதான் காண்ட்ராஸ்டின் நோக்கம். 2022இல் டென்மார்க்கின் ஆர்மி பெயிண்டர் நிறுவனம் ஸ்பீட்பெயிண்ட் வரிசையையும், ஸ்பெயினின் வல்லேஹோ நிறுவனம் எக்ஸ்பிரஸ் கலர் வரிசையையும் கொண்டுவந்தன. பெயர்கள் வேறானாலும் மூன்றும் வேலை செய்யும் விதம் ஏறத்தாழ ஒன்றே.

சாதாரண அக்ரிலிக் வண்ணம் அடியில் உள்ளதை மறைக்கும், இவை மறைப்பதில்லை. நிறமியைவிட, அதைத் தாங்கிச் செல்லும் மீடியம் என்னும் ஊடகத் திரவம் இவற்றில் மிகுதி. அதனால் வண்ணம் ஒளி ஊடுருவும் தன்மையுடன் இருக்கிறது, தானாக நகரவும் செய்கிறது. ஓட்டுக்கூரையில் விழுந்த மழைநீர் ஓட்டு வரிகளுக்கு இடையில் இறங்குவதைப்போல, மேடான இடத்திலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். தேங்கிய இடம் அடர்ந்து நிழலாகிறது. மேட்டில் மெல்லிய படலம் மட்டும் நிற்பதால் அடியிலுள்ள வெளிர்நிறம் தெரிந்து அது வெளிச்சமாகிறது. நிழலையும் வெளிச்சத்தையும் உருவாக்குவது, உண்மையில், உருவத்தைச் செதுக்கியவர் வைத்த மேடுபள்ளங்கள்தாம். மேடுபள்ளம் இல்லாத இடத்தில் இந்த வண்ணத்துக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. பின்னால் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

28 மில்லிமீட்டர் அளவிலான ஓர் எலும்புக்கூட்டு வீரனை எடுத்துக்கொள்ளலாம். ரெய்த்போன் என்ற, தந்தநிறம் கொண்ட பிரைமரை, அதாவது வண்ணத்துக்கு முன் இடும் அடிப்பூச்சை, அடித்து நன்கு உலரவிட்டு, ஸ்கெலிட்டன் ஹோர்ட் என்ற காண்ட்ராஸ்டை நடுத்தர அளவு பிரஷ்ஷில் எடுத்து மார்புக்கூட்டின் மேல் தாராளமாக வைத்தால், முதலில் எல்லாமே பழுப்புச் சேறாகத் தெரியும். அரை நிமிடத்துக்குள் விலா எலும்புகளின் மேல்விளிம்புகள் ஒவ்வொன்றாக வெளுத்து மேலெழும். இடைவெளிகளில் பழுப்பு இறங்கி நிற்கும். தேவைக்கு மேல் தேங்குவது பெரும்பாலும் தாடையின் கீழும் இடுப்பெலும்பின் அடியிலும்தான். ஈரத்தைத் துடைத்த பிரஷ் நுனியால் அந்தத் துளியை மட்டும் உறிஞ்சிவிட்டு உருவத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். பழைய முறையில் இதே எலும்புக்கு மூன்று தனித்தனிப் பூச்சுகள் வேண்டியிருந்தன. மயிர், செதில், கம்பளி, மடிப்புள்ள அங்கி, தோல் வார், பூச்சி வடிவ உயிரினங்களின் ஓடு ஆகியவற்றிலும் இதே அளவு நன்மை கிடைக்கும்.

வார்ஹாமர் 40,000 விளையாட்டின் ஸ்பேஸ் மரீன் வீரனின் தோள் கவசத்தில் அதே வண்ணத்தை அதே கையால் பூசினால் நடப்பது வேறு. அது வழுவழுப்பான கவிகை வடிவம். வண்ணம் தங்குவதற்கு அதில் பள்ளமே இல்லை. ஓரத்து விளிம்பை நோக்கி வழிந்து ஒரு பக்கமாகத் தேங்கி, நடுவில் காபிக் கறைபோல் வளையம் விட்டு உலரும். டாங்கியின் பக்கச் சுவர் இன்னும் மோசம். தளத்தைப் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பலகையாகப் பூசி, மிகுதியை உடனே வாரி எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் கைவசம் இருப்பவர்கள் காண்ட்ராஸ்டை மெல்லிய படலங்களாகத் தெளித்து நல்ல பலன் காண்பதும் உண்டு. ஆனால் அவ்வளவு கவனம் செலுத்தும் நேரத்தில் சாதாரண வண்ணத்தை இரண்டு முறை பூசி முடித்துவிடலாம் என்பது என் கணிப்பு. வாகனங்களுக்கு ஒரே பூச்சு வண்ணம் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்கிறேன்.

பிரைமர் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் "ஒரே பூச்சு" என்ற கணக்கில் யாரும் சேர்க்காத பூச்சு அதுதான். வழக்கமான வண்ணம் என்றால் கறுப்புப் பிரைமர் மேலும் வேலை செய்யலாம். ஒளி ஊடுருவும் வண்ணத்தைக் கறுப்பின் மேல் பூசினால் ஒன்றும் தெரியாது. வெளிர் பிரைமர் கட்டாயம் என்பதுடன், அதன் நிறச்சாயலும் மேலே வரும் நிறத்தை மாற்றும். ரெய்த்போன் சற்று மஞ்சள் கலந்தது. அதன்மேல் சிவப்பு, பழுப்பு, தோல்நிறம் எல்லாம் கதகதப்பாக நிற்கும். கிரே சீர் என்ற இன்னொரு பிரைமர் குளிர்ச்சியான வெளிர்சாம்பல். நீலத்துக்கும் ஊதாவுக்கும் ஏற்றது, மஞ்சளை மட்டும் சற்று மங்கலாக்கிவிடும். வெள்ளி நிறத்தின் மேல் பூசினால் வண்ண உலோகம்போல் மின்னும், கற்பதித்த வாள்பிடிகளுக்கு நான் விரும்பிச் செய்வது அது. நிறம் எதுவானாலும் பிரைமரின் பரப்பு மழமழப்பாக இருக்க வேண்டும். தொலைவிலிருந்து அடித்ததாலோ காற்றில் ஈரப்பதம் மிகுந்ததாலோ ஸ்பிரே பொரபொரப்பாகப் படிந்துவிட்டால், அந்தப் பொரபொரப்பின் ஒவ்வொரு மணலிலும் வண்ணம் தங்கி, மறைக்க வேண்டிய குறையையே எடுத்துக்காட்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்கால மாலைகளில் ஸ்பிரே செய்வதைத் தவிர்ப்பதே நல்லது. வார்ப்பு அச்சின் கோடுகளையும் பிரைமருக்கு முன்பே கத்தியால் வழித்துவிட வேண்டும். வழக்கமான வண்ணம் சிறிய கோட்டை மன்னித்துவிடும், இது அதற்கு அடியில் ஒரு நிழலையே வரைந்து காட்டும்.

கறுப்புப் பிரைமர் மேல் சாம்பலையும் பிறகு வெள்ளையையும் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, அதன்மேல் இந்த வண்ணங்களைப் பூசும் ஸ்லாப்-சாப் முறை இப்போது பரவலாகியிருக்கிறது. ஐரோப்பிய ஓவியர்கள் கறுப்பு வெள்ளையில் முழுப் படத்தையும் வரைந்துகொண்டு மேலே மெல்லிய நிறம் ஏற்றிய பழைய உத்தியின் எளிய வடிவம்தான் அது. நிழல் அழுத்தமாகக் கிடைக்கிறது. விலையாக நிறத்தின் துலக்கம் குறைகிறது. அழுக்கேறிய படைவீரர்களுக்குப் பொருந்தும், பளிச்சென்ற மஞ்சள் கொடிக்குப் பொருந்தாது.

பூசும்போது செய்யக்கூடாதது ஒன்றுதான் முக்கியம்: பாதி உலர்ந்த இடத்துக்குத் திரும்பிப் போகக்கூடாது. கை சும்மா இருக்காது. ஒரு திட்டு தெரிந்தவுடன் தொட்டுச் சரிசெய்யத் தோன்றும். தொட்டால் மேற்படலம் கிழிந்து அடிநிறம் எட்டிப்பார்க்கும், சுற்றிலும் கரை கட்டும். ஓர் அங்கியைத் தொடங்கினால் இடையில் நிறுத்தாமல் ஈரமாக இருக்கும்போதே முழுவதையும் முடித்துவிட்டு, பக்கத்து நிறத்துக்குப் போவதற்கு முன் அரைமணி நேரமாவது விட வேண்டும். நிறத்தைக் குறைக்க விரும்பினால் அந்தந்த வரிசைக்கென விற்கும் மீடியத்தைக் கலக்க வேண்டும்; தண்ணீரைத் தாராளமாகக் கலந்தால் நிறமி பிரிந்து ஓரங்களில் கோடாகப் படியும். எல்லை தாண்டிப் பக்கத்துப் பகுதியில் பட்டுவிட்டால் ஈரத்திலேயே சுத்தமான ஈர பிரஷ்ஷால் எடுத்துவிடலாம். உலர்ந்துவிட்டால், பிரைமரின் அதே நிறத்தில் டப்பாவில் கிடைக்கும் அடிவண்ணத்தால் அந்த இடத்தை மறைத்துவிட்டுத்தான் புதிதாகப் பூச முடியும். ரெய்த்போன், கிரே சீர் இரண்டும் ஸ்பிரேயாக மட்டுமின்றி டப்பாவிலும் விற்கப்படுவதன் பயன் இதுவே. வெளிர் நிறங்களை முதலிலும் அடர்ந்தவற்றைக் கடைசியிலும் வைத்துக்கொண்டால் இந்தத் திருத்த வேலை பாதியாகக் குறையும்.

ஸ்பீட்பெயிண்டின் முதல் பதிப்புக்கு ஒரு தனிக்குணம் இருந்தது. உலர்ந்த பிறகும், அதன்மேல் நீர் கலந்த வேறொரு வண்ணத்தைப் பூசும்போது மீண்டும் கரைந்து மேலே கசிந்தது. சிவப்பு அங்கியில் வெள்ளைக் கோடு இழுத்தால் கோடு இளஞ்சிவப்பாகிவிடும். 2023இல் வந்த 2.0 பதிப்பு இதைச் சரிசெய்தது. ஆனால் பழைய இருப்பிலிருந்தோ, ஒருவர் பயன்படுத்திக் கைமாற்றி விற்கும் தொகுப்பிலிருந்தோ வாங்குபவர்கள் இன்றும் முதல் பதிப்பைச் சந்திக்கக்கூடும். வேண்டாத உருவம் ஒன்றில் பூசி, ஓர் இரவு உலரவிட்டு, ஈர பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். பிரஷ்ஷில் நிறம் ஏறினால் அதன்மேல் எதையும் பூசுமுன் ஒரு முறை வார்னிஷ் அடித்துக்கொள்வது அவசியம்.

வார்னிஷ் எல்லா வரிசைகளுக்குமே தேவைதான். மேட்டுப் பகுதிகளில் நிற்பது மிக மெல்லிய படலம் என்பதால், விளையாட்டில் விரல்கள் அதிகம் படும் வாள்நுனி, முழங்கால், தலைக்கவச விளிம்பு ஆகியவற்றில்தான் முதலில் தேய்ந்து பிரைமர் தெரியத் தொடங்கும். வேலை நடக்கும்போதும் உருவத்தை நேரடியாகப் பிடிக்காமல் ஒரு கைப்பிடியில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்தபின் சில நிறங்கள் லேசாகப் பளபளக்கும், சில மங்கி நிற்கும். பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அந்த வேறுபாட்டையும் சமன் செய்துவிடும். ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்பிரே வார்னிஷ் வெண்பனி படர்ந்தாற்போல் உலர்ந்து, முடிந்த வேலையைக் கெடுத்துவிடுவதும் உண்டு. அத்தகைய நாட்களில் பிரஷ்ஷால் பூசும் வார்னிஷே பாதுகாப்பானது.

உடல்நலம் பற்றி வாடிக்கையாளர்கள் கேட்பதில்லை. தாமே வண்ணம் தீட்டத் தொடங்குபவர்களும் பெரும்பாலும் யோசிப்பதில்லை. டப்பாவில் உள்ள நீர்சார் வண்ணத்தைவிட, அதற்கு முன்னும் பின்னும் வரும் ஸ்பிரேக்களே கவலைக்குரியவை. அவற்றிலுள்ள கரைப்பான்களின் ஆவியைத் துணி முகக்கவசமோ தூசிக் கவசமோ தடுக்காது. அதற்குக் கரிம ஆவிகளை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும், ஸ்பிரே செய்வதும் திறந்தவெளியில்தான் இருக்க வேண்டும். மூடிய அறையில் ஜன்னலை மட்டும் திறந்துவைத்து ஒரு படைக்கே பிரைமர் அடிப்பது சரியல்ல, குழந்தைகள் இருக்கும் வீட்டில் அறவே கூடாது. ரெசின் என்னும் பிசினில் வார்த்த உருவங்களைத் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கெடுதி என்பதால் தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும். பிரஷ் நுனியைக் கூராக்க நாக்கில் வைக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்களிடமும் உண்டு. டப்பாவின் லேபிளில் நச்சற்றது என்று எழுதியிருந்தாலும், அது தின்பதற்கான உரிமம் அல்ல.

இனி கூலி விஷயம். ஒரே பூச்சு வண்ணத்தில் படையைத் தீட்டித் தருவதாக ஒருவர் சொன்னால், எந்தப் பகுதிகள் அந்த முறையில், எவை வழக்கமான முறையில் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முகமும் கண்ணும் உலோகமும் பீடமும் பெரும்பாலும் தனி வேலைகளே. வார்னிஷ் சேர்த்தியா என்பதும் தெளிவாக வேண்டும். முழுப் படைக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரே ஓர் உருவத்தை முடித்துக் காட்டச் சொல்வதில் தவறில்லை, நல்ல கைக்காரர் யாரும் அதற்கு மறுக்கமாட்டார். எலும்புக்கூடுகள், விலங்குகள், அங்கியணிந்த கூட்டம் என்றால் நான் விலையை வெளிப்படையாகவே குறைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே உழைப்பு உண்மையிலேயே குறைகிறது. கவசம் மிகுந்த படைகளில் குறைப்பு சொற்பம். டாங்கிகளுக்குப் பழைய விலைதான். அவற்றுக்கு இந்த டப்பாக்களை நான் திறப்பதே அபூர்வம்.