ரெண்டு பெட்டி, ஒரே பகா எண்

போன மாம்பழ சீசனில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கேமரா மாட்டப் போயிருந்தேன். பெங்களூரா ரக மாம்பழம் ஏற்றிய லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நின்றன. "படம் வருதில்ல தம்பி, அப்புறம் என்ன?" என்று முதலாளி அவசரப்படுத்தினார். ரெக்கார்டரின் மென்பொருளைப் புதுப்பித்து, தகவலைப் பூட்ட உள்ளே இருந்த எண் சாவியை அழித்துப் புதிதாக உருவாக்க வைத்த பிறகுதான் ஏணியை மடக்கினேன்.

இப்படிப்பட்ட பெட்டிகள் பலவற்றில் இருப்பது 1977-இல் வந்த ஆர்.எஸ்.ஏ. என்ற குறியாக்கப் பூட்டு. பெட்டி இரண்டு பெரிய பகா எண்களைத் தானே தேர்ந்தெடுத்துப் பெருக்கும். பெருக்கி வந்ததை எல்லோருக்கும் காட்டும், அந்த இரண்டை மட்டும் ஒளித்துக்கொள்ளும்; அவை தெரிந்தால் பூட்டு திறந்துவிடும். 2048 பிட் சாவி என்றால் பெருக்கி வருவது 617 இலக்க எண். 2020-இல் இப்படிப்பட்ட 250 இலக்க எண் ஒன்றை அதன் இரண்டு பகா எண்களாகப் பிரித்தார்கள். கணினிக்குள் கணக்குப் போடும் ஒரே ஒரு பிராசசர் கோரிடம் விட்டிருந்தால் சுமார் 2,700 வருஷம் ஆகியிருக்கும். 617 பக்கம் இதுவரை யாராலும் போக முடியவில்லை.

ஆனால் இரண்டு பெட்டிகள் ஒரே பகா எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டால்? ஒன்று 143-ஐக் காட்டுகிறது, இன்னொன்று 187-ஐ. பிரிக்கவே வேண்டாம், மீப்பெறு பொதுக் காரணி பாருங்கள். 187-இல் 143 போனால் 44. 143-ஐ 44-ஆல் வகுத்தால் மீதி 11. 44-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி இல்லை. 11 கிடைத்துவிட்டது; 13-ம் 17-ம் தானாக வந்து விழும். 617 இலக்கத்துக்கும் இதே வழிதான், கணினிக்குக் கண்சிமிட்டும் நேரம்.

இது கற்பனை இல்லை. 2012-இல் ஆய்வாளர்கள் இணையத்தில் இருந்த சாவிகளைத் திரட்டி இப்படி ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது, சோதித்த பாதுகாப்பான இணைப்புகளில் 200-க்கு ஒன்று திறந்துகொண்டது. பெரும்பாலும் ரவுட்டர் மாதிரிச் சின்னப் பெட்டிகள். கரன்ட் கொடுத்த முதல் சில நொடிகளிலேயே சாவி செய்கின்றன. அந்த நேரத்தில் எண்ணைத் தற்செயலாகக் குலுக்கி எடுக்க உள்ளே ஒன்றும் இருக்காது, அதனால் ஒரே மாதிரியான பெட்டிகளுக்கு ஒரே எண் விழுந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மென்பொருளைப் புதுப்பித்து, பிறகு சாவியை மாற்றச் சொல்வது இதனால்தான். புதுப்பிப்பே வராத பழைய பெட்டியை நான் இணையத்தில் நேரடியாக விடுவதில்லை.

இன்ஜினியரிங் படிக்கும் முதலாளி மகன், "உலகத்திலேயே பெரிய பகா எண்ணைப் போட்டா பலமா இருக்குமேண்ணா?" என்றான். 2024-இல் கண்டுபிடித்தது அது: 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, 4,10,24,320 இலக்கம். கணக்குக்காரர்களுக்குப் பெருமைதான், ஊருக்கே தெரிந்த எண் பூட்டுக்கு ஆகாதே.

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "பர்கூர்ல மச்சான் கிரானைட் பட்டறையிலயும் பழைய பெட்டி ஒண்ணு ஓடுது தம்பி."

மறுநாள் காலையில் போனேன். மூன்று வருஷமாக யாரும் அதைத் தொட்டதில்லை. கடவுச்சொல்கூடப் பெட்டியோடு வந்ததேதான்.