அழாத பிள்ளை

"இவன் எங்களுக்குக் கரைச்சலே தாறதில்லை டொக்டர். பால் குடிக்கவும் நாங்கள்தான் எழுப்ப வேணும்."

மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மம்மா, ஐந்து கிழமைப் பேரனை மடியில் வைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார். கச்சான் காற்று அனலாக வீசிய நாள் அது. ஆனாலும் பிள்ளையின் கால்கள் குளிர்ந்திருந்தன. கண்ணில் மஞ்சள் போகவில்லை. நாக்கு தள்ளி நின்றது, தொப்புள் புடைத்திருந்தது. மலம் போய் நாலு நாள். அழவைத்துப் பார்த்தேன், குரல் கரகரத்தது.

கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி வேலை செய்யாத பிள்ளை. பிறந்ததும் குதிக்காலில் குத்தி எடுத்த இரத்தம் இதை அப்போதே காட்டியிருந்தது. ஆனால் தகப்பன் சிம்மை மாற்றியிருந்ததால், கொடுத்த இலக்கத்தில் யாரும் கிடைக்கவில்லை.

அப்படி மருந்தில்லாமல் போன நாட்கள்தான் எனக்கு வலிக்கிறது. பிறந்து முதல் 2, 3 வருடங்களில் நரம்பிழைகளுக்கு உறை படிவதற்கும், நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று தொடுப்பு வைப்பதற்கும் தைரொயிட் சுரக்கும் ஹோர்மோன் வேண்டும். பிந்திக் கொடுத்தால் பிள்ளை வளரும், உயரும். இழந்த அறிவு வளர்ச்சி முழுதாகத் திரும்பாது. 2000 முதல் 4000 பிறப்புகளில் ஒன்றுக்கு இந்தக் குறை இருக்கிறது. வயிற்றில் இருக்கும்போது தாயின் ஹோர்மோன் ஓரளவு கிடைப்பதால், பெரும்பாலான பிள்ளைகள் பிறக்கும்போது சாதாரணமாகவே தெரிவார்கள். அதனால்தான் அந்தக் குதிக்கால் இரத்தம். அதைக் குத்த விடாமல் மறிக்காதீர்கள்.

"நான் சாப்பிட்டதில் ஏதும் பிழையா?" என்று தாய் கேட்டார். இல்லை அம்மா. அநேகமான பிள்ளைகளில் சுரப்பியே சரியாக உருவாவதில்லை, அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. அயடின் குறைவால் இந்த ஹோர்மோன் குறைவது வேறு கதை: கர்ப்பிணிகள் சமையலுக்கு அயடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள். உப்பளத்தில் நேரே அள்ளிய உப்பில் அது சேர்த்திருக்காது.

மருந்து, அந்த ஹோர்மோனையே கொடுக்கும் தைரொக்சின் குளிசை. பிறந்து இரண்டு கிழமைக்குள் தொடங்க வேண்டும். இரண்டு தேக்கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கி, சில துளி தாய்ப்பாலில் கரைத்துத் தினமும் ஒரே நேரத்தில் கொடுங்கள். போத்தல் பாலில் கலந்தால், பிள்ளை மிச்சம் வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும். இரும்புச் சத்துப் பாணியை அதே நேரத்தில் கொடுக்க வேண்டாம். பிள்ளை தேறிவிட்டான் என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். 3 வயதுக்குப் பிறகுதான் அதை யோசிக்கலாம், அதுவும் இரத்தம் பார்த்து.

அந்தப் பேரனுக்கு இப்போது 4 வயது. ஓடித் திரிகிறான், பேச்சுத்தான் பிந்துகிறது. தங்கை பிறந்தபோது தகப்பன் தன் இலக்கத்தோடு அம்மம்மாவின் இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தார்.