வேலி இல்லாத பூங்கா: பிரான்சில் பக்கத்து ஊர்கள் சேர்ந்து இயற்கையைக் காப்பது எப்படி?

ஒரு காடோ சதுப்பு நிலமோ பத்து ஊர்களின் எல்லைக்குள் பரவிக் கிடந்தால் அதை யார் பார்த்துக்கொள்வது? பிரான்சில் அந்த ஊர்களே சேர்ந்து நடத்தலாம். 1967 மார்ச் 1-ஆம் தேதி வந்த அரசாணை அதற்கு வழி செய்தது. இப்படி உருவாகும் இடங்களை வட்டார இயற்கைப் பூங்கா என்கிறார்கள். முதல் பூங்கா 1968-இல் வடக்கே, பெல்ஜிய எல்லையோரம் அமைந்தது. இன்று 50-க்கும் மேல் இருக்கின்றன. கடல் கடந்த பிரெஞ்சுப் பகுதிகளான மார்த்தினிக், பிரெஞ்சு கயானா இரண்டிலும் உண்டு.

இதைத் தேசியப் பூங்காவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே மையப் பகுதியில் அரசின் கடுமையான தடைகள் இருக்கும். வட்டாரப் பூங்காவுக்கு வேலியும் கிடையாது, நுழைவுச் சீட்டும் கிடையாது. உள்ளே ஊர்கள், வயல்கள், பள்ளிகள், கடைகள் எல்லாம் வழக்கம்போல நடக்கும்.

இந்த ஏற்பாட்டின் தேவை புரிய பிரான்சின் உள்ளாட்சியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கடைசி அடுக்கில் இருப்பது கொம்யூன். புதுச்சேரிக்காரர்களுக்குப் பழக்கமான பெயர்தான். பிரான்சில் 34,000-க்கும் மேற்பட்ட கொம்யூன்கள் இருக்கின்றன. பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. அவ்வளவு சின்ன ஊர் தனக்கென்று ஒரு சூழலியல் அறிஞரை வேலைக்கு வைக்க முடியாது. மேல்பக்கத்து ஊர் கழிவை ஆற்றில் விட்டால் கீழ்ப்பக்கத்து ஊர் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை. சேர்ந்தால்தான் ஏதாவது நடக்கும்.

சரி, எப்படிச் சேர்கிறார்கள்? மாநில அவை போன்ற வட்டார அவைதான் முதல் அடி எடுத்துவைக்கும். பிறகு ஊர்களும் மாவட்ட நிர்வாகங்களும் விவசாயிகள் உள்ளிட்ட உள்ளூர்த் தரப்புகளும் பேசி ஒரு சாசனம் எழுதுவார்கள். எந்தச் சதுப்பில் கட்டடம் வரக்கூடாது, எந்த மலைச்சரிவின் காட்சியைக் கெடுக்கக்கூடாது என்பதெல்லாம் வரைபடத்தோடு அதில் இருக்கும். மக்களின் கருத்தைக் கேட்கும் பொது விசாரணைக்கு வைத்த பின், ஒவ்வொரு கொம்யூன் மன்றமும் தனித்தனியாக வாக்களிக்கும். ஒப்புக்கொள்ளாத ஊர் வெளியே நிற்கலாம். நாலு பக்கமும் பூங்கா சூழ்ந்திருந்தாலும் அந்த ஊர் வரைபடத்தில் ஓட்டையாகவே இருக்கும். கடைசியில் பிரதமரின் ஆணை வரும்.

அந்த ஆணைக்கு ஆயுள் 15 ஆண்டு. 2016 சட்டத் திருத்தத்துக்கு முன் 12 ஆண்டாக இருந்தது. காலம் முடிவதற்குள் செய்தது என்ன, செய்யாதது என்ன என்று மதிப்பிட்டுச் சாசனத்தைப் புதுப்பிக்க வேண்டும். எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்த அம்சம் இதுதான். ஒருமுறை பெயர்ப்பலகை மாட்டிவிட்டு அப்படியே விட்டுவிட முடியாது.

அன்றாட நிர்வாகத்துக்கு ஒரு கூட்டு மன்றம் உண்டு. கொம்யூன்களும் மாவட்டமும் வட்டார அவையும் பிரதிநிதிகளை அனுப்பும், பங்குத்தொகை கட்டும். அரசும் கொஞ்சம் தரும். அந்தப் பணத்தில்தான் சூழலியலாளர், நகரமைப்பு வல்லுநர், விவசாயிகளுக்கான ஆலோசகர் என்று ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

இந்த மன்றத்துக்கு அபராதம் போடவோ வேட்டையைத் தடுக்கவோ தனி அதிகாரம் இல்லை. வீடு கட்ட அனுமதியும் வழக்கம்போல ஊர் நிர்வாகத்திடமே கிடைக்கும். ஆனால் சாசனத்தில் கையெழுத்திட்டவர்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். ஊரின் நிலப் பயன்பாட்டுத் திட்டம் சாசனத்தோடு ஒத்துப்போக வேண்டும். விளம்பரப் பலகைகளுக்குப் பொதுவாகத் தடை. உள்ளூர் விதி அனுமதித்தால் மட்டும் விலக்கு. காட்டுப் பாதைகளில் மோட்டார் வண்டி எங்கே போகலாம், எங்கே கூடாது என்பதையும் சாசனம் சொல்லியாக வேண்டும்.

சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேற்குக் கடற்கரைப் பக்கம் உள்ள மரே புவாத்வேன் சாட்சி. கமார்க்குக்கு அடுத்து பிரான்சின் இரண்டாவது பெரிய சதுப்பு நிலம் அது. 1979-இல் பூங்கா ஆனது. ஆனால் மாடு மேய்ந்த ஈரப் புல்வெளிகளை வடித்து, உழுது, மக்காச்சோளமும் மற்ற தானியங்களும் போட்டார்கள். பறவைகளின் இடம் சுருங்கியது. 1996-இல் பூங்கா என்ற தகுதி போயிற்று. 1999-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் பிரான்ஸ் அந்தச் சதுப்பைச் சரியாகக் காக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. ஊர்கள் அதோடு கலைந்துவிடவில்லை. கூட்டு மன்றத்தைத் தொடர்ந்து நடத்தி, புதுச் சாசனம் எழுதி, 2014-இல் தகுதியைத் திரும்பப் பெற்றார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டு உழைப்பு. உழுத புல்வெளியை மறுபடி புல்வெளியாக்குவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

பூங்காவுக்குள் வசிப்பவருக்கு என்ன கிடைக்கும்? பழைய வீட்டைப் புதுப்பிக்கவோ வேலிக்கு மரம் நடவோ ஆலோசனை கேட்கலாம். விதிகளுக்கு உட்பட்டு விளைவிப்பவர்களும் விடுதி நடத்துபவர்களும் பூங்காவின் முத்திரையைப் பயன்படுத்தலாம்.

பாரிஸ் தமிழர்களுக்கு ஒரு தகவல். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலுக்குப் பக்கத்து வட ரயில் நிலையத்தில் ஆர்.ஈ.ஆர் பி என்ற புறநகர் ரயிலில் ஏறித் தெற்கே சேன் ரெமி கிளையின் கடைசி நிறுத்தம் வரை போனால், 1985-இல் தொடங்கிய மேல் ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்குப் பூங்காவுக்குப் போய்விடலாம். ஷெவ்ரூஸ் ஊரின் பழைய கோட்டையில் பூங்கா அலுவலகம் இருக்கிறது. அப்புறம், நீங்கள் வசிக்கும் ஊர் ஏதாவது ஒரு பூங்காவில் இருந்து, சாசனம் புதுப்பிக்கும் வேளை வந்தால், பொது விசாரணையின்போது உங்கள் கருத்தை எழுதிக் கொடுக்கலாம். குடியுரிமை, வாக்குரிமை எதையும் அதற்குக் கேட்க மாட்டார்கள்.