முகம் எவ்வளவு, உடல் எவ்வளவு?

ஒரு ஸ்கேலும் ஒரு வார இதழும் இருந்தால் போதும். ஆள் படம் உள்ள பக்கம் ஒன்றை விரித்து, தலை உச்சியிலிருந்து முகவாய் வரை அளந்துகொள்ளுங்கள். அடுத்து, தலை உச்சியிலிருந்து படத்தில் உடல் எதுவரை தெரிகிறதோ அதுவரை. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அந்தப் படத்தில் முகத்துக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். முகம் மட்டும் இருந்தால் 1. கால் வரை தெரிந்தால் விடை சுமார் 0.13-க்கு இறங்கிவிடும்.

1983-இல் டேன் ஆர்ச்சர் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் இதழ்களிலும் நாளிதழ்களிலும் வந்த 1,750 படங்களை இப்படி அளந்து வெளியிட்டார்கள். ஆண்களின் சராசரி 0.65, பெண்களுடையது 0.45. பல நாட்டு இதழ்களைப் புரட்டினார்கள், பழைய ஓவியங்களைப் பார்த்தார்கள். எங்கும் அதே சாய்வு. மாணவர்களிடம் பென்சிலைக் கொடுத்து ஓர் ஆளை வரையச் சொன்னபோதுகூட, ஆண் என்றால் முகம் பெரிதாக வந்தது, பெண் என்றால் உடல் கூடுதலாக வந்தது. யாரும் யோசித்துச் செய்யவில்லை, கை தானாக அப்படிப் போகிறது. சரி, அதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். ஒரே ஆளை முகம் பெரிதாகத் தெரியும்படி காட்டியபோது, பார்த்தவர்கள் அவரைக் கூடுதல் புத்திசாலி என்று மதிப்பிட்டார்கள். படத்தில் பொய் எதுவும் இல்லை. கத்தரி எந்த இடத்தில் விழுந்தது என்பதுதான் வித்தியாசம்.

ஊடகத்தில் பெண்களைக் காட்டும் விதம் பற்றிப் பேச்செடுத்தாலே, “வெறும் படம்தானே, நிஜமில்லை என்று எல்லோருக்கும்தான் தெரியுமே” என்று யாராவது சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். ஆனால் படம் நம்மோடு வாதம் செய்து ஜெயிப்பதில்லை. வாதம் தொடங்கும் முன்பே அதன் வேலை முடிந்துவிடுகிறது.

வெந்நீரில் கையை வைத்திருந்துவிட்டு வெதுவெதுப்பான நீரில் விட்டால் சில்லென்று இருக்கும். கண்ணும் அப்படித்தான். மிக ஒல்லியாக மாற்றப்பட்ட உடல்களைச் சில நிமிடங்கள் தொடர்ந்து பார்க்க வைத்துவிட்டு, ‘சாதாரண’ உடல் எது என்று கேட்டால், மக்கள் முன்பு காட்டியதைவிட ஒல்லியான ஒன்றைக் காட்டுகிறார்கள். சோதனைக்கூடத்தில் சில நிமிடம். கைபேசியில் தினம் எத்தனை மணி நேரம் என்பது அவரவருக்கே வெளிச்சம். இப்படி நகர்ந்துவிட்ட அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கண்ணாடி முன் நிற்கிறோம். மனிதர்கள் தங்களை மற்றவர்களோடு ஒப்பிட்டே எடைபோடுகிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இலேயே எழுதினார். அன்று ஒப்பிட அக்கம்பக்கத்தார் இருந்தார்கள். இன்று ஒப்பீட்டுக்கு வந்து நிற்பது, ஒளியமைத்து, நூறு படங்களில் ஒன்றைப் பொறுக்கி, திருத்தியும் முடித்த முகம்.

அதனால் திருத்திய விளம்பரப் படங்களில் ‘இது திருத்தப்பட்டது’ என்று போடவேண்டும் எனச் சட்டங்கள் வந்தன: இஸ்ரேலில் 2012-இல், பிரான்சில் 2017-இல், நார்வேயில் 2022-இல். நல்ல எண்ணம்தான். ஆனால் சோதித்துப் பார்த்தபோது அந்தக் குறிப்பு பெரும்பாலும் பலன் தரவில்லை. எந்த உறுப்பைத் திருத்தினோம் என்று விவரமாக எழுதினால், பார்ப்பவரின் கண் நேராக அந்த உறுப்புக்கே போனது! பொய் என்று தெரிந்தும் அளவுகோல் நகர்ந்துவிடுகிறது.

கவனத்துக்கு என்ன ஆகிறது என்பது இன்னும் சுவாரசியம். 1998-இல் வெளியான ஒரு சோதனை. ஒரு சிறிய அறை, ஆளுயரக் கண்ணாடி. கல்லூரி மாணவி ஒருவர் தனியாக உள்ளே போகிறார். துணிகளைப் பற்றிய கருத்துக் கணிப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். அதைப் போட்டுக்கொண்டபடியே சில கணக்குகளைப் போடவேண்டும். பார்ப்பவர் யாரும் இல்லை. இருந்தும் நீச்சலுடை அணிந்த பெண்கள் ஸ்வெட்டர் அணிந்தவர்களைவிடக் கணக்கில் குறைவாக எடுத்தார்கள். இதே சோதனையைச் செய்த ஆண்களுக்கு அந்த வித்தியாசம் வரவில்லை. தன் உடலை வெளியாள் ஒருவரின் கண்ணால் ஓயாமல் கண்காணிக்கும் வேலை மூளையின் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, மிச்சம்தான் கணக்குக்கு என்பது சோதனையை நடத்தியவர்களில் பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் இருவரின் விளக்கம். பெண்களின் இயல்பே அப்படி என்று முடிவுகட்ட வேண்டாம். 2004-இல் வேறொரு குழு ஆண்களுக்கும் உடலை ஒட்டிப் பிடிக்கும் நீச்சலுடையைக் கொடுத்தது. அவர்களும் கணக்கில் சறுக்கினார்கள்.

சோதனைக்கூடத்துக்கு வெளியே நடந்ததற்கு ஃபிஜித் தீவின் நட்ரோகா ஒரு சாட்சி. பருத்த உடலை மெச்சும் ஊர் அது. 1995-இல் அங்கே தொலைக்காட்சி வந்தது. மருத்துவரும் மானுடவியலாளருமான ஆன் பெக்கர், தொலைக்காட்சி வந்தவுடன் ஒருமுறையும் மூன்று ஆண்டு கழித்து ஒருமுறையும் பள்ளி மாணவிகளிடம் கேட்டார். உணவுப் பழக்கம் கவலைக்குரியதாக இருந்தவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமானார்கள். எடை குறைக்க வேண்டுமென்றே வாந்தி எடுப்பதாகச் சொன்னவர் முதலில் ஒருவர்கூட இல்லை. பிறகு 11.3 சதவீதம். ஒவ்வொரு முறையும் கேட்டது அறுபத்துச் சொச்சம் பேரிடம், அதுவும் வெவ்வேறு மாணவிகளிடம் என்பதை மறக்கக் கூடாது. பொதுவாகவே இந்தத் துறையின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால் தெரியும் விளைவு சிறியது முதல் நடுத்தரம் வரைதான். எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதும் இல்லை. ஆனால் சிறிய தள்ளல் கோடிக்கணக்கானவர்கள் மேல் தினமும் விழுகிறது.

கண்ணாடியோடு இது நிற்பதில்லை. யார் வாயைத் திறக்கிறார்கள் என்பதும் படத்தின் ஒரு பகுதி. உலகச் செய்திகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரே நாளில் எண்ணிப் பார்க்கும் உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டத்தின் கணக்கில், செய்தியில் இடம்பெறுபவர்களிலும் பேசுபவர்களிலும் பெண்கள் 1995-இல் 17 சதவீதம், 2020-இல் 25. நான்கு பேரில் ஒருவர். கருத்துச் சொல்ல வருபவர் என்றாலே ஆண் முகம் மனதில் எழுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதே இயந்திரம் மறுபக்கமும் சுழலும். பிரேசிலில் குளோபோ என்ற தொலைக்காட்சி நிறுவனத்தின் ஒளிபரப்பு எல்லா ஊருக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேரவில்லை. அதை வைத்துப் பொருளியலாளர்கள் சிலர் ஒப்பிட்டார்கள். அதன் தொடர்களில் ஐம்பது வயதுக்குட்பட்ட முக்கியப் பெண் பாத்திரங்களில் பெரும்பாலானோருக்குக் குழந்தையே கிடையாது, மற்றவர்களில் பலருக்கு ஒன்றுதான். குறைவாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று தொடரில் யாரும் உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. ஒளிபரப்பு எட்டிய பகுதிகளில் பெண்கள் பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. அதைக் குறைத்தது தொடர்கள்தானா, வேறு ஏதாவதா என்று உறுதி செய்துகொள்ள ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். குழந்தைகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பார்த்தார்கள். ஒளிபரப்பு எட்டிய ஊர்களில், அந்தந்த ஆண்டு ஓடிய தொடரின் பாத்திரங்களுடைய பெயர்கள் தொட்டில்களில் கூடுதலாக இருந்தன.