உழும்போது களை விதை பார்க்கும் வெளிச்சம்

"களையை அழிக்கத்தானே உழுகிறோம்? உழாமல் விட்டால் நிலம் காடாகிவிடாதா?" என்று, உழாமலே பயிர் செய்யும் முறை பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'அகல உழுவதை ஆழ உழு' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் தூங்கும் களை விதைகளை எழுப்பிவிடுவதில் கலப்பைக்குப் பெரிய பங்கு உண்டு.

மண்ணின் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உழாத மண்ணில் மண்புழு வளைகளும் செத்த வேர்கள் விட்டுப்போன துளைகளும் அப்படியே இருக்கும். மழைநீர் அவற்றின் வழியே கீழே இறங்கும். பூஞ்சை இழைகள் மண் துகள்களைச் சிறு உருண்டைகளாகக் கட்டி வைத்திருக்கும். உழுதால் அவை உடையும். உள்ளே பத்திரமாக இருந்த மட்கு நுண்ணுயிர்களுக்கு இரையாகி, கரியமில வாயுவாகக் கிளம்பிப் போகும். உழாவிட்டாலே மண்ணில் கார்பன் கூடிவிடும் என்று சொல்வது மட்டும் முழு உண்மை இல்லை. மேல் மண்ணில் கூடும், ஆழத்தில் பல நேரம் குறைந்திருக்கும்.

சரி, களைக்கு வருவோம். கடுகை விடச் சிறிய ஒரு களை விதை ஒரு சாண் ஆழத்தில் கிடக்கிறது. ஈரம் இருக்கிறது, சூடும் இருக்கிறது. ஆனாலும் முளைப்பதில்லை. முளைத்தால் மேலே வந்து சேர்வதற்குள் கையிருப்பு உணவு தீர்ந்து செத்துவிடும். தான் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? வெளிச்சத்தை வைத்துத்தான். மண்ணுக்குள் வெளிச்சம் சில மில்லிமீட்டருக்கு மேல் போகாது.

அந்த வெளிச்சத்தைப் பார்க்கும் கண், பைட்டோகுரோம் என்ற நிறமி. 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளி பட்டால் அது 'முளை' என்று சொல்லும் வடிவத்துக்கு மாறும். 730 நானோமீட்டர் அளவிலான தூரச்சிவப்பு (சிவப்புக்கு அடுத்து, நம் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி) பட்டால் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் லெட்டூஸ் என்ற சாலட் கீரையின் விதைகளுக்கு இந்த இரண்டு ஒளியையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். எத்தனை முறை மாற்றினாலும், கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதன்படிதான் விதைகள் நடந்துகொண்டன. எனக்கு இதை எத்தனை முறை படித்தாலும் சிலிர்க்கும்.

மாதக்கணக்கில் இருட்டில் புதைந்து கிடக்கும் விதைகள் சிலவற்றுக்கு இந்தக் கண் இன்னும் கூர்மையாகிவிடும். ஒரு நொடியில் சிறு பகுதி நேரம் வெயில் பட்டாலே போதும். கலப்பை மண்ணைப் புரட்டும்போது விதை ஒரு கணம் வெளிச்சத்தில் புரண்டு, மறுபடி மண்ணுக்குள் விழுகிறது. அதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். இதனாலேயே இரவில் உழுது பார்த்திருக்கிறார்கள். சில வயல்களில் களை நன்றாகக் குறைந்தது, சிலவற்றில் பலனில்லை. வெப்ப ஏற்ற இறக்கம், மண்ணில் உள்ள நைட்ரேட் சத்து என்று விதையை எழுப்ப வேறு காரணங்களும் உண்டு.

இந்தத் தூக்கம் எவ்வளவு நீளும்? 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 20 புட்டிகளில் களை விதைகளை மணலோடு போட்டுப் புதைத்தார். 2021-இல் ஒரு புட்டியைத் தோண்டியபோதும் சில விதைகள் முளைத்தன. வெளிச்சம் பட்டுவிடக் கூடாது என்று இருட்டில்தான் தோண்டினார்கள். அடுத்த புட்டியின் முறை 2040-இல். மூன்றாண்டுத் திட்டங்களுக்கு மட்டும் பணம் ஒதுக்கினால் இப்படி ஓர் ஆய்வு பிறக்கவே முடியாது. மண்ணைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி கொடுப்பவர்கள் தலைமுறைக் கணக்கில் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உழாத நிலத்தில் புதிதாக உதிரும் விதைகள் மேலேயே கிடக்கும். எறும்பும் வண்டும் நிறையத் தின்றுவிடும். அதற்காக எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. கோரை போல நிலத்தடிக் கிழங்கில் பிழைக்கும் களைகளும் காற்றில் பறந்து வரும் விதைகளும் உழாத நிலத்தில் செழிக்கும். அவற்றை அழிக்கக் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியையே நம்பியதன் விலையையும் பார்த்துவிட்டோம். 2000-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் அந்த மருந்துக்குச் சாகாத களை வந்துவிட்டது.

எனக்குப் பிடித்த வழி, நிலத்தைப் பச்சையாக மூடி வைப்பதுதான். மூடுபயிரின் இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தூரச்சிவப்பைக் கீழே விடும். மேல்மண்ணில் கிடக்கும் விதையின் கண்ணுக்கு, தலைக்கு மேல் வேறொரு செடி நிற்கிறது என்ற செய்தி போகும். அது தூங்கிக்கொண்டே இருக்கும்.